6.5 கிரீட்மூரா, .300 மேக்னமா? தொலைதூர வேட்டைக்கு எந்தத் தோட்டா... அமெரிக்காவில் ஓயாத சண்டை!

அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டை சீசன். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கச் சரிவில் ஓர் ஆண் எல்க் மேய்ந்துகொண்டு நிற்கிறது. தூரம் 500 கெஜம், அதாவது சுமார் 457 மீட்டர். துப்பாக்கியின் விசையை அழுத்திய பிறகு குண்டு அங்கே போய்ச் சேர 0.6 முதல் 0.7 விநாடி வரை ஆகும்.

அந்த நேரத்துக்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால்? இதயத்துக்குக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாயும். மான் உடனே சாகாது. காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

"எந்தத் தோட்டா பெஸ்ட்?" என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் பல வருஷமாகப் போடும் சண்டைக்குப் பின்னால் இருக்கும் நிஜமான பிரச்னை இதுதான். அந்தச் சண்டை என்ன, எண்கள் என்ன சொல்கின்றன? விரிவாகப் பார்ப்போம்.

(ஒரு விஷயம்: இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இங்கே சொல்வது லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை வரம்பு என்று அரசே விதிமுறை வகுத்து வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்க மாநிலங்களைப் பற்றி மட்டும்.)

தோட்டா வேறு, குண்டு வேறு

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'புல்லட்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் கடையில் வாங்குவது தோட்டா. அதில் நான்கு பாகங்கள் இருக்கும். பித்தளை உறை, அதற்குள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், நுனியில் குண்டு. பறந்துபோய் இலக்கைத் தாக்குவது அந்தக் குண்டு மட்டும்தான்.

உறை பெரிதாக இருந்தால் மருந்து அதிகம் பிடிக்கும். மருந்து அதிகமானால் வேகம் கூடும், கூடவே தோளில் விழும் உதையும் கூடும். தோட்டாக்களுக்கு இடையிலான போட்டி மொத்தமும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

களத்தில் இருப்பவர்கள் யார் யார்?

பிஜிஎம்ஐ விளையாடியவர்களுக்கு '7.62', '.300 மேக்னம்' எல்லாம் பழகிய பெயர்கள்தான். நிஜத்தில் அவற்றின் கதை இது.

• .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட்: 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்று சொல்வார்கள். அதிலுள்ள 06, 1906-ம் ஆண்டைக் குறிக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய தோட்டா. தாத்தா துப்பாக்கியைப் பேரன் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகும் குடும்பங்களில் இன்றும் இதுதான் ஓடுகிறது.

• .308 வின்செஸ்டர்: 1952-ல் வந்தது. இதன் ராணுவ வடிவம்தான் நேட்டோ நாடுகளின் 7.62×51. நம்ம ஊர் போலீஸ் கையில் பார்த்திருப்பீர்களே எஸ்எல்ஆர் துப்பாக்கி, அதில் போடுவதும் இந்தக் குடும்பத் தோட்டாதான். ஏகே-47-ல் போடும் 7.62 வேறு, அது இதைவிடச் சிறியது.

• 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் (1962), .300 வின்செஸ்டர் மேக்னம் (1963): பெரிய உறை, நிறைய மருந்து, அதிக வேகம். 'மேக்னம்' என்ற பெயரே அதற்காகத்தான்.

• 6.5 கிரீட்மூர்: 2007-ல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இன்றைய சண்டையின் நாயகன், சிலருக்கு வில்லன்.

கிரீட்மூர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கிரீட்மூர் என்பது நியூயார்க்கில் 1873-ல் திறக்கப்பட்ட துப்பாக்கி சுடும் மைதானம். அடுத்த ஆண்டே அங்கே அமெரிக்காவுக்கும் அயர்லாந்துக்கும் போட்டி நடந்தது. 800, 900, 1000 கெஜ தூர இலக்குகள். முடிவில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. வெறும் 3 புள்ளி வித்தியாசம். அயர்லாந்து வீரர் ஒருவர் தவறுதலாகப் பக்கத்து இலக்கில் சுட்டதும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம்.

பெயரிலேயே தெரிகிறது அல்லவா? இந்தத் தோட்டா பிறந்தது வேட்டைக்காக இல்லை. தூரத்தில் இருக்கும் பலகையைக் குறிதவறாமல் அடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. வேட்டைக்காரர்கள் பிறகுதான் இதைக் கையில் எடுத்தார்கள். பலகைக்கு வலிக்காது, மானுக்கு வலிக்கும் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குண்டு எப்படிப் பெரிய குண்டை முந்துகிறது?

ஒரு டேபிள் டென்னிஸ் பந்தையும் ஒரு கிரிக்கெட் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். டேபிள் டென்னிஸ் பந்து கொஞ்ச தூரத்திலேயே வேகம் இழந்துவிடும், லேசான காற்றே அதைத் தள்ளிவிடும். கிரிக்கெட் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

குண்டுகளிலும் இப்படி வித்தியாசம் உண்டு. காற்றைக் கிழிக்கும் திறனுக்கு 'பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்' என்று பெயர். எண் கூடக்கூட நல்லது. ஒல்லியாக, நீளமாக, கூர்மையாக இருக்கும் குண்டுக்கு இந்த எண் அதிகம்.

ஒரே ரகத்தில் இரண்டு வேட்டைக் குண்டுகளை எடுத்துக்கொள்வோம். 6.5 கிரீட்மூரின் 143 கிரெய்ன் (9.3 கிராம்) குண்டுக்கு இந்த எண் 0.625. .308-ன் 178 கிரெய்ன் (11.5 கிராம்) குண்டுக்கு 0.552. எடையில் சின்னது, ஆனால் காற்றைக் கிழிப்பதில் முன்னால் நிற்கிறது. கிரீட்மூரின் ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், நீளமான குண்டு பறக்கும்போது தடுமாறாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலுக்குள் இருக்கும் திருகு வரிகள். கிரீட்மூர் துப்பாக்கிகளில் வழக்கமாக 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய தோட்டாக்களுக்கான பல துப்பாக்கிகளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதனால் புது ரக நீளக் குண்டை வாங்கி அப்பா காலத்துத் துப்பாக்கியில் போட்டால், அது நேராகப் போகும் என்று உத்தரவாதம் கிடையாது.

500 கெஜத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

துப்பாக்கி வாயில் எவ்வளவு ஆற்றல் என்பதைத்தான் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிப்பார்கள். மானுக்கு முக்கியம், அதனிடம் வந்துசேரும்போது எவ்வளவு மிச்சம் என்பது. கடல் மட்டக் காற்றில், வழக்கமான வேட்டைக் குண்டுகளுக்குத் தோராயக் கணக்கு இது:

• 6.5 கிரீட்மூர் (9.3 கிராம் குண்டு): புறப்படும்போது விநாடிக்கு 823 மீட்டர் வேகம், 3,140 ஜூல் ஆற்றல். 500 கெஜத்தில் சுமார் 1,700 ஜூல்.

• .308 வின்செஸ்டர் (11.5 கிராம்): புறப்படும்போது 792 மீட்டர், 3,620 ஜூல். 500 கெஜத்தில் சுமார் 1,820 ஜூல்.

• 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் (10.5 கிராம்): புறப்படும்போது 896 மீட்டர், 4,215 ஜூல். 500 கெஜத்தில் சுமார் 2,250 ஜூல்.

• .300 வின்செஸ்டர் மேக்னம் (13 கிராம்): புறப்படும்போது 872 மீட்டர், 4,920 ஜூல். 500 கெஜத்தில் சுமார் 2,600 ஜூல்.

கவனித்தீர்களா? புறப்படும்போது .308-க்கும் கிரீட்மூருக்கும் சுமார் 480 ஜூல் இடைவெளி. 500 கெஜத்தில் அது 120 ஜூலாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் .300 மேக்னம் கடைசிவரை தனியாகவே நிற்கிறது.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் ஒரு வாய்வழிக் கணக்கு உண்டு. சாதாரண மானுக்கு 1,350 ஜூல், எல்க்குக்கு 2,000 ஜூலாவது வேண்டும் என்பார்கள். இது அறிவியல் விதி அல்ல, அனுபவ அளவு. இதை அப்படியே வைத்தால் எல்க் வேட்டையில் கிரீட்மூரின் எல்லை சுமார் 330 மீட்டர், .308-க்கு 390 மீட்டர். .300 மேக்னமோ 600 மீட்டர் வரை தாங்கும்.

ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம்ம காட்டுக் கடமானைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. "கிரீட்மூர் மானுக்குச் சரி, எல்க்குக்குப் பத்தாது" என்று ஒரு கோஷ்டி சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கொலராடோவில் எல்க் வேட்டைக்குத் துப்பாக்கியின் வாய் குறைந்தது .24 அங்குலம் இருக்க வேண்டும். குண்டு குறைந்தது 85 கிரெய்ன், 100 கெஜத்தில் குறைந்தது சுமார் 1,350 ஜூல். பட்டதும் விரியும் ரகக் குண்டாக இருப்பதும் கட்டாயம். மேலே சொன்ன நான்கு தோட்டாக்களும் இதில் அசால்ட்டாகப் பாஸ். ஆனால் சட்டம் 100 கெஜத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 500 கெஜத்தில் சுடலாமா என்பதை வேட்டைக்காரரின் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறது.

காற்றுதான் நிஜ வில்லன்

குண்டு பறக்கப் பறக்கக் கீழே இறங்கும். 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்த கிரீட்மூர், 500 கெஜத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். பயப்பட வேண்டாம், இதைக் கணக்குப் போட்டுவிடலாம். தூரம் அளக்க லேசர் கருவி இருக்கிறது, எவ்வளவு உயர்த்திக் குறிவைக்க வேண்டும் என்று மொபைல் ஆப்பே சொல்லிவிடும்.

ஆனால் பக்கவாட்டுக் காற்று? நீங்கள் நிற்கும் முகட்டில் ஒரு வேகம், பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு வேகம், மான் நிற்கும் சரிவில் எதிர்த்திசை. அங்கே புல் அசைவதையும் வெப்ப அலை சாய்வதையும் பார்த்து மனிதர்தான் ஊகிக்க வேண்டும்.

மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்றில், 500 கெஜத்தில் கிரீட்மூர் குண்டும் .300 மேக்னம் குண்டும் சுமார் 40 செ.மீ. தள்ளிப்போகும். .308 சுமார் 46 செ.மீ. ஆக, நல்ல தோட்டாவுக்கும் சுமார் தோட்டாவுக்கும் வித்தியாசம் 6 செ.மீ.

இப்போ இன்னொரு கணக்கு. காற்றின் வேகத்தை வெறும் 5 கி.மீ. தப்பாக ஊகித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரீட்மூரில் குண்டு 12 செ.மீ. தள்ளி விழும். மியூல் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 முதல் 25 செ.மீ. அகலம்தான். நடுவில் குறிவைத்த குண்டு அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

அதாவது, தோட்டாவை மாற்றிக் கிடைக்கும் லாபத்தைப் போல இரண்டு மடங்கை, காற்றைத் தப்பாகப் படித்த ஒரு சின்னப் பிழை தின்றுவிடுகிறது. இந்தச் சண்டையில் பெரும்பாலானோர் பேச மறக்கும் எண் இதுதான்.

அதே கிரீட்மூரை 200 கெஜத்தில் சுட்டால்? 16 கி.மீ. காற்றில் மொத்தத் தள்ளலே 6 செ.மீ. தான். 5 கி.மீ. பிழைக்கு 2 செ.மீ. கூட நகராது. 200-லிருந்து 500 கெஜம் என்பது தூரத்தில் இரண்டரை மடங்கு, ஆனால் காற்றின் தள்ளல் ஆறு மடங்குக்கு மேல்.

தோளில் விழும் உதை

"அப்போ .300 மேக்னமே வாங்கிடலாமே, ஆற்றலும் அதிகம், காற்றையும் தாங்குது!" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

சுமார் 3.6 கிலோ எடையுள்ள ஒரே மாதிரியான துப்பாக்கியில் கணக்குப் போட்டால், .300 மேக்னத்தின் உதை கிரீட்மூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். .308-ன் உதை இரண்டுக்கும் நடுவில், கிரீட்மூருக்குப் பக்கத்தில்.

உதைக்குப் பயந்த உடம்பு, விசையை அழுத்தும் கணத்திலேயே தன்னை அறியாமல் இறுகும், கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். இதை 'ஃப்ளிஞ்ச்' என்பார்கள். குழல் நுனி ஒரு மி.மீ. அசைந்தாலே 500 கெஜத்தில் குண்டு எங்கேயோ போய்விடும். உதை அதிகமான துப்பாக்கியில் பயிற்சியும் குறையும். ஒரு மதியத்தில் கிரீட்மூரில் 40 ரவுண்டு சுடுபவர், மேக்னத்தில் 15 ரவுண்டிலேயே தோளைத் தடவிக்கொண்டு பெட்டியை மூடிவிடுவார்.

குழல் நுனியில் 'மசில் பிரேக்' மாட்டி உதையைக் குறைக்கலாம். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து.

குண்டு விரியுமா, ஊசி மாதிரி துளைத்துப் போகுமா?

வேட்டைக் குண்டு உடலில் பட்டதும் நுனி காளான் மாதிரி விரிய வேண்டும். அப்போதுதான் காயம் அகலமாகி விலங்கு சட்டென்று சாகும். விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. பல குண்டுகளுக்கு அது விநாடிக்கு சுமார் 550 மீட்டர். அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தூர வேட்டைக்கென்றே வரும் சில ரகங்கள் இதைவிடக் குறைந்த வேகத்திலும் விரியும்.

செம்பால் மட்டும் செய்த குண்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே தடை. ஈயத் துணுக்குகள் கலந்த இறைச்சியைத் தின்று காண்டோர் கழுகுகள் சாவதுதான் முக்கியக் காரணம். அங்கே வேட்டைக்குப் போகிறவர் செம்புக் குண்டுக்கு ஏற்றபடி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் அனுபவசாலிகள் தோட்டாவின் பெயரை விட, அதன் நுனியில் இருக்கும் குண்டின் ரகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரே .308 பெட்டியில் பலகை சுடும் குண்டும் வரும், வேட்டைக் குண்டும் வரும். மாற்றி வாங்கினால் போச்சு.

சரி, அப்போ எதைத்தான் வாங்குறது?

• புதிதாகத் தொடங்குபவர், மியூல் மான் வேட்டை, 300 கெஜத்துக்குள்: 6.5 கிரீட்மூர். உதை குறைவு, பயிற்சி சுலபம்.

• வீட்டில் ஏற்கெனவே .308 அல்லது .30-06 இருக்கிறது: மாற்ற அவசியமே இல்லை. நல்ல வேட்டைக் குண்டு வாங்கி அதே துப்பாக்கியில் பழகினால் போதும். சின்ன ஊர்க் கடையிலும் இந்தத் தோட்டாக்கள் கிடைக்கும். கொரோனா காலத்தில் அமெரிக்கா முழுக்கத் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது இதன் அருமை பலருக்குப் புரிந்தது.

• எல்க்தான் குறி, உதையைத் தாங்கிப் பயிற்சி எடுக்கவும் முடியும்: 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் அல்லது .300 வின்செஸ்டர் மேக்னம். புதுத் துப்பாக்கி என்றால் 2022-ல் வந்த 7 எம்எம் பிஆர்சி-யும் பட்டியலில் உண்டு. நீளக் குண்டுகளுக்கென்றே வடிவமைத்தது.

• உதை பயமாக இருக்கிறது, ஆனாலும் எல்க் வேண்டும்: கிரீட்மூரே எடுக்கலாம். ஆனால் 300 கெஜத்தைத் தாண்டினால் சுடாமல் இன்னும் கிட்டே நடக்க வேண்டும்.

எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் பிளேட் போதும்

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 23 செ.மீ. பேப்பர் பிளேட் ஒன்றை இலக்காக வையுங்கள். மேசையில் துப்பாக்கியை ஊன்றிச் சுடக் கூடாது. மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, முதுகுப் பையின் மேல் சாய்த்தோ உட்கார்ந்தோ, மூச்சு வாங்கும் நிலையில் சுட வேண்டும். கணக்கில் வருவது முதல் குண்டு மட்டும். வேறு வேறு நாட்களில், காற்றடிக்கும்போதும் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரம் வரை முதல் குண்டு ஒருமுறைகூடத் தட்டைத் தவறவிடவில்லையோ, அதுதான் உங்கள் எல்லை.

பலருக்கு அது தோட்டாவின் எல்லையை விட ரொம்பக் குறைவாகத்தான் வரும். .300 மேக்னம் 600 மீட்டர் வரை ஆற்றலைச் சுமக்கும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை 250 கெஜத்திலேயே தடுமாறலாம்.

தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இன்றும் வேட்டை நெறிகளுக்காகப் பேசும் அமைப்பு. தொலைதூரச் சுடுதலை இத்தனை மீட்டர் என்று அது வரையறுக்கவில்லை. நோக்கத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. கருவியின் திறனைச் சோதிப்பதற்காக ஒரு உயிர் மேல் தூரத்திலிருந்து சுடுவது வேட்டை ஆகாது என்பது அதன் நிலைப்பாடு.

இன்னொன்றும் இருக்கிறது. 500 கெஜத்தில் சுட்ட பிறகு, மான் நின்ற இடத்துக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப் போய்ச்சேரவே ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தப் புதருக்குப் பக்கத்தில் நின்றது, ரத்தத் துளி எங்கே என்று தேடுவதற்குள் இருட்டிவிடும். 150 கெஜத்தில் சுட்டவருக்கு இந்தப் பிரச்னை இல்லை. குறி கொஞ்சம் பிசகினாலும் இரண்டாவது குண்டுக்கு நேரம் இருக்கும்.

கிரீட்மூரா, மேக்னமா என்ற சண்டை எப்படியும் தொடரும். அடுத்த வருஷம் இன்னொரு புதுத் தோட்டா வரும், அட்டைப்பெட்டியில் இன்னும் பெரிய எண் இருக்கும். ஆனால் அந்த 0.65 விநாடியை எந்த நிறுவனமும் பூஜ்ஜியமாக்கவில்லை. மான் அடி எடுத்து வைக்காமல் இருக்கச் சொல்லவும் யாராலும் முடியாது. முடிவது ஒன்றுதான், இன்னும் 200 கெஜம் சத்தமில்லாமல் கிட்டே நடப்பது. அதற்கு எந்தத் தோட்டாவும் தேவையில்லை.